வாழ்வுப்படியா, வருமான உறுதியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு நகரம் மாதந்தோறும் நிபந்தனை எதுவும் இல்லாமல் பணம் கொடுத்துப் பார்க்கும் திட்டங்களைப் பற்றிய கையேட்டை நாம் தமிழில் எழுதத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தலைப்புக்கே சொல் அமையாததால் முதல் இயலைத் தாண்ட முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘கேரண்டீட் பேசிக் இன்கம்’ எனப்படுவதற்கு ஆரணியிலிருந்து எழுதும் ஐயா ‘வாழ்வுப்படி’ என்ற சொல்லை முன்வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தோழி, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ‘அடிப்படை வருமானம்’ போதும் என்கிறார். ‘உரிமைத்தொகை’ என்ற சொல்லையே விரித்துக்கொள்ளலாம் என்பது சென்னை நண்பரின் கருத்து. மூவருக்கும் நான் விடை எழுதக் கடன்பட்டிருக்கிறேன்.

பொருள் எது என்பதில் முதலில் ஒத்துப்போவோம். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் 2012இல் திவால் அறிவித்த நகரம். அங்கே மைக்கேல் டப்ஸ் மேயராக இருந்த காலத்தில், 2019 பிப்ரவரி தொடங்கி 24 மாதங்களுக்கு, 125 பேருக்கு மாதம் 500 டாலர் வழங்கப்பட்டது. நகரின் இடைநிலை வருமானத்துக்கு மேற்போகாத பகுதிகளில் வசிப்பவர்களிலிருந்து குலுக்கல் முறையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் நகரத்தின் வரவுசெலவுக் கணக்கிலிருந்து வரவில்லை, நன்கொடையாக வந்தது. வேலை தேட வேண்டும், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பன போன்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பணம் பெறாத சுமார் 200 பேரையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டு முடிவில், பணம் பெற்றவர்களில் முழுநேர வேலையில் இருப்பவர்கள் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். எல்லோரும் எடுத்துச் சொல்லும் எண் இதுதான். ஆனால் சொல்லாக்கம் செய்கிற நமக்கு வழி காட்டுவது இன்னோர் எண். மாதத்துக்கு மாதம் வருமானம் ஏறி இறங்கும் அளவு, பணம் பெற்றவர்களிடம் ஏறக்குறைய 46 சதவீதமாகவும் பெறாதவர்களிடம் ஏறக்குறைய 68 சதவீதமாகவும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட பணம் அடுத்த மாதமும் தவறாமல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதே இத்திட்டத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நாம் ஆக்கும் சொல்லில் அது ஒலிக்க வேண்டும்.

நான் குடியிருப்பது வேலூர் சைதாப்பேட்டையில். எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவரிடம், போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஸ்டாக்டன் திட்டத்தை எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். முறத்தை மடியில் வைத்து, வெட்டிய இலையில் தூளைத் தூவி உருட்டி, முனையை விரல் நகத்தால் மடக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை வராத வாரம் கூலி இல்லை. வந்த இலையில் ஓட்டை விழுந்தது பாதி இருந்தாலும், ஆயிரம் கணக்கை அவர்தான் எப்படியாவது நிரப்பிக் கொடுக்க வேண்டும். நான் சொல்லி முடித்ததும், எவ்வளவு கொடுப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. “எந்தத் தேதியில் போடுவாங்க தம்பி?” என்றுதான் கேட்டார். பிறகு, “தேதி தெரிஞ்சா கடைக்காரர்கிட்ட முகம் பார்த்துப் பேசலாம்” என்றார். ஸ்டாக்டனின் 46க்கும் 68க்கும் இதைவிடத் தெளிவான விளக்கவுரை எனக்குக் கிடைக்காது. தேதி தெரிந்த பணம் என்ற கருத்தைத் தாங்காத சொல், எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தப் பொருளுக்குரிய சொல் ஆகாது.

இப்போது ஆரணி ஐயாவின் சொல்லுக்கு வருகிறேன். ஐயா, ‘படி’ என்ற வேர் நல்ல தமிழ் வேர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பஞ்சப்படி, பயணப்படி என்று அலுவலகங்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் பீடத்தில் வைத்ததாகச் சொல்லப்படும் பொற்காசுக்குப் ‘படிக்காசு’ என்று பெயர் இருப்பதை நீங்கள் எடுத்துக்காட்டியது என்னை நெகிழச் செய்தது. நாள் தவறாமல், கேள்வி கேட்காமல் வைக்கப்பட்ட காசு என்ற அளவில் அது நம் பொருளுக்கு மிக நெருங்கி வருகிறது.

ஆனால் அதே ‘படி’ நம் வடாற்காட்டுக் கிராமங்களில் வேறொரு சொல்லுக்குள்ளும் இருக்கிறது. படியாள் என்ற சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பண்ணைக்காரர் அளந்து போடும் தானியத்துக்காக ஆண்டு முழுவதும், பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக, கடனுக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர் அவர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. அந்த நினைவுள்ளவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என் தாத்தா படியாளாக இருந்தவர். களத்துமேட்டில் மரக்காலின் வாயை வழித்து அளந்த கையைப் பற்றி அவர் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். ‘உனக்குப் படியளப்பவன் நான்’ என்று ஒருவர் சொன்னால், அளப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற உறவும் அந்தப் பேச்சோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்தத் திட்டங்களோ பெறுபவரிடம் எதையும் திருப்பிக் கேட்பதில்லை என்பதையே தங்கள் அடையாளமாகக் கொண்டவை. ஊழியர் வாங்கும் பஞ்சப்படியில் அந்த வடு இல்லைதான். ஆனால் ஏழைக்குக் கொடுப்பதற்குப் ‘படி’ என்று பெயர் வைத்தால் பழைய பொருள் எழுந்து நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஐயா, உங்கள் சொல்லை ஏற்க என்னால் முடியவில்லை.

‘உதவித்தொகை’ வேண்டாம் என்பதில் நம் குழுவில் யாருக்கும் மாறுபாடு இல்லை என்பதால் அதைக் கடந்து செல்கிறேன்.

‘உரிமைத்தொகை’ அப்படிக் கடந்துபோகக் கூடிய சொல் அன்று. 2023 செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், மாதம் 1,000 ரூபாயை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியபோது, பணத்தோடு ஒரு சொல்லையும் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வீட்டுக்குள் கூலி இல்லாமல் உழைத்தவருக்கு உரியது என்ற வாதம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அண்மைக் காலத்தில் அரசுத் தமிழில் பிறந்த சொற்களில் இதைச் சிறந்த ஒன்றாக நான் கருதுகிறேன். அதனாலேயே அதைக் கடன் வாங்கத் தயங்குகிறேன். அது இப்போது ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் பெயராகிவிட்டது. மேலும், ஸ்டாக்டனில் பணம் பெற்ற 125 பேர் குலுக்கலில் வந்தவர்கள். குலுக்கலில் வராதவருக்கு அந்த உரிமை ஏன் இல்லை? 24 மாதம் முடிந்ததும் உரிமை எங்கே போனது? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத இடத்தில் உரிமை என்று எழுதுவது மொழிபெயர்ப்பாளர் சொல்லும் பொய்யாகிவிடும். கெடு குறித்த வாக்கு ஒன்றுதான் அங்கே கொடுக்கப்பட்டது. வாக்கைக் குறிக்கும் சொல்லே நமக்கு வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோழி சொல்லும் ‘அடிப்படை வருமானம்’ பற்றி ஒரு தெளிவு தேவைப்படுகிறது. இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ஓர் இயல் முழுவதும் பேசியது அனைவருக்கும் பொதுவான அடிப்படை வருமானத்தைப் பற்றி. மத்தியப் பிரதேசத்தில் 2011இல் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியுடன் 8 கிராமங்களில் நடத்திய முயற்சியில், முதலில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் என்று அந்த ஊர்களின் எல்லா வீடுகளுக்கும் போனது. அங்கே ‘அடிப்படை வருமானம்’ பொருந்துகிறது. நகரத் திட்டங்கள் வருமானம் குறைந்தவர்களையோ குறைந்த பகுதிகளையோ பார்த்து ஆள் தேர்ந்தெடுப்பவை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கையேட்டின் நான்காம் இயலில் இவ்விரண்டையும் ஒப்பிடும் பகுதியை எழுதவே முடியாது.

எஞ்சியிருப்பவை ‘உத்தரவாதம்’, ‘உறுதி’ என்ற இரண்டு. உத்தரவாதம் என்றால் இன்று மிக்சிக்கு ஓராண்டு உத்தரவாத அட்டைதான் நினைவுக்கு வருகிறது. பழுதானால் மாற்றித் தருவோம் என்பது அதன் தொனி. ‘உறுதி’க்கோ நல்ல முன்னோடி ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஊரக வேலை உறுதித் திட்டம், தமிழ்நாட்டில் முதற்கட்டமாக 2006இல் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் ஒன்று பழைய வடாற்காட்டின் பகுதியான திருவண்ணாமலை. மக்கள் அதை நூறு நாள் வேலை என்றும் ஏரி வேலை என்றும்தான் சொன்னார்கள். ஆனால் அட்டையிலும் அறிவிப்புப் பலகையிலும் ‘வேலை உறுதி’ என்பதைப் படித்துப் படித்து, அரசு சொல்லும் உறுதி என்றால் கேட்டுப் பெறக்கூடிய ஒன்று என்ற பொருள் ஊரில் பதிந்தது. ஈழத்தில் காணிப் பத்திரத்துக்கே ‘உறுதி’ என்று பெயர் என்பதைத் தோழி எனக்கு நினைவூட்ட வேண்டியிருக்காது. மறுக்க முடியாத எழுத்து என்ற அந்தப் பொருள் நம் சொல்லுக்கு வலுவே சேர்க்கும்.

இதற்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் ‘மாதந்தோறும் உறுதியான வருமானம்’ என்ற தொடர் நல்ல பெயர் எடுத்த தொடர் அன்று. லட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று சொல்லிப் பணம் வாங்கிய நிதி நிறுவனங்கள் ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு போனதில் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆரணியிலும் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அப்படி ஒன்றில் என் தங்கை வீட்டார், மகளின் திருமணத்துக்கென்று விற்ற நிலத்தின் பணத்தைப் போட்டிருந்தார்கள். முதல் நான்கு மாதம் தேதி தவறாமல் வந்தது, அதன் பிறகு வரவே இல்லை. ரசீதின் மேல்முனையில் பச்சை எழுத்தில் ‘உறுதியான மாத வருமானம்’ என்று அச்சிட்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆகவே ‘உறுதி வருமானம்’, ‘உறுதியான வருமானம்’ என்ற வடிவங்களைக் கையேட்டில் எந்த இடத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொற்களின் வரிசையை மாற்றி ‘வருமான உறுதி’ என்று வைத்தால் அந்த நிழல் விலகிவிடுகிறது. முன்னதில் உறுதி என்பது வருமானத்துக்குப் பூசிய வண்ணம். பின்னதில் உறுதியே பெயராக நிற்பதால், கொடுத்தவர் யார், எத்தனை மாதத்துக்கு, யாரிடம் கேட்பது என்ற கேள்விகளைத் தானாகவே அழைத்துக்கொண்டு வருகிறது. ‘வேலை உறுதி’யோடு ஒரே அச்சில் வார்த்ததாகவும் அமைகிறது. எனவே முதன்முறை வரும் இடத்தில் ‘அடிப்படை வருமான உறுதி’ என்று முழுமையாகவும், பிறகு ‘வருமான உறுதி’ என்று சுருக்கமாகவும் எழுதலாம் என்பது என் முன்மொழிவு. மாதந்தோறும் கைக்கு வரும் பணம் ‘உறுதித்தொகை’. ஒருவருடைய வருமானம் ஒரு வரம்புக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த இடைவெளியை மட்டும் நிரப்பிக் கொடுக்கும் முறையும் கையேட்டில் வருகிறது. அதை ‘வருமானக் குறைநிரப்பு’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் இராது.

அடுத்தது, ஒரு திட்டத்தை முழு அளவில் தொடங்குமுன் சிறிய அளவில் நடத்திப் பார்ப்பதைக் குறிக்கும் ‘பைலட்’ என்ற ஆங்கிலச் சொல். ‘சோதனைத் திட்டம்’ என்று முதல் வரைவில் நானே எழுதியிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். வறுமையில் இருப்பவர் ஒருவரிடம் ‘உங்களை வைத்துச் சோதனை நடத்துகிறோம்’ என்று நாம் சொல்லத் துணிவோமா? அதற்கு ‘வெள்ளோட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே வீதியில் ஒரு சுற்று இழுத்துப் பார்க்கிறோம். எந்த முனையில் சக்கரம் திரும்ப மறுக்கிறது, எங்கே முட்டுக்கட்டை கூடுதலாகத் தேவைப்படுகிறது, எந்த மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரியவரும். நகரத் திட்டங்கள் செய்வதும் இதையேதான். வெள்ளோட்டத்தின்போது தேரில் சுவாமி எழுந்தருளுவதில்லை, இங்கே உண்மையான மனிதர்களுக்கு உண்மையான பணம் போகிறதே என்று ஒருவர் கேட்கலாம். அது சரியான கேள்விதான். இருந்தாலும் ‘24 மாத வெள்ளோட்டம்’ என்று எழுதும்போது, இதற்கு முடிவு உண்டு, பிறகு முடிவெடுப்பார்கள் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடுகிறது. ‘முன்னோடித் திட்டம்’ அதைச் சொல்வதில்லை.

‘நகரத்தார்’ என்று வசிப்பவர்களைக் குறிப்பது ஒரு சமூகத்தின் பெயராகிவிடும் என்பதால் ‘நகரில் வசிப்போர்’ என்றே விரித்து எழுதலாம். ‘பயனாளி’க்கு மாற்றாகப் ‘பெறுநர்’ கடிதத்தின் தலைப்பை நினைவூட்டுகிறது. எனக்கு இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை, உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று இப்படி எழுதிப் பார்த்தேன்: “ஸ்டாக்டன் நகரம் 2019இல் தொடங்கிய வருமான உறுதித் திட்டத்தின் வெள்ளோட்டத்தில், 125 பேர் மாதம் 500 டாலர் உறுதித்தொகையாகப் பெற்றார்கள்.” நேற்று மாலை இதை அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். வெள்ளோட்டம் என்றதும், “தேருக்கு விடற மாதிரியா?” என்று கேட்டுச் சிரித்தார். உறுதித்தொகைக்கு விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

ஐயாவும் தோழியும் சென்னை நண்பரும் வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் மறுப்பையோ இசைவையோ எழுதிவிட்டால், சனிக்கிழமை காலை முதல் இயலில் இந்தச் சொற்களை இட்டு எல்லோருக்கும் அனுப்பிவைப்பேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து