குண்டு முழங்கிய அன்று: போலீஸ் மரியாதை நடந்த வீட்டுக்காரர்கள், கூட இருந்தவர்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:
அப்பா போலீஸில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்). மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் பந்தோபஸ்து போனவர், வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். மறுநாள் கம்மியம்பேட்டைச் சுடுகாட்டுக்கு எடுத்தோம். மரியாதைக்குத் துப்பாக்கிக் குண்டு போடுவார்கள் என்று தெரிந்ததும் அம்மா தானும் வருவேன் என்றாள். 'பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற வழக்கமில்ல' என்று பெரியப்பா தெருமுனையில் மறித்தார். அம்மா பதிலே பேசவில்லை. நேராகப் போய் ஆயுதப்படை வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறக்கிவிட யாருக்கும் தைரியம் வரவில்லை. பின்னாலேயே நானும் ஏறிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது குண்டுச் சத்தத்தைப் பற்றி இல்லை. ஏழு பேர், மூன்று தடவை. முடிந்ததும் ஓர் ஏட்டு குனிந்து குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கினார். கைக்குட்டையில் போட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். 20 தான் இருந்தது. சிதையைச் சுற்றி வந்து வறட்டித் தூளையெல்லாம் பூட்ஸ் காலால் தள்ளிப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். எதுவும் கேட்காமல் கைக்குட்டையை முடிந்துகொண்டு போய்விட்டார்.

ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஒன்றுக்காக அவருக்கு மெமோ ஏதும் வந்திருக்குமா? படையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய ஏ.ஆர்.:
ஏ.ஆர். என்கிற ஆயுதப்படையில் இருந்தவன் நான். பிளாங்க் தோட்டாதான் (சத்தம் மட்டும் வரும், உள்ளே குண்டு இருக்காது) என்றாலும் கணக்கு உண்டம்மா. எத்தனை வாங்கினோமோ அத்தனை காலியும் திரும்பக் கிடங்குக்குப் போக வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும். ஒன்று குறைந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். மேலே இருப்பவர் நல்லவர் என்றால் அதோடு போகும்.

என் கதை தானே புயல் அடித்த அடுத்த வாரம், 2012 தொடக்கம். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம், இறந்தவர் என் ஸ்குவாடுக்காரர். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தன. வேனை விட்டுவிட்டுத் துப்பாக்கியோடு மரத்தின் மேல் ஏறி ஏறித்தான் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பையன்கள் சரவெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி, பறையையும் நிறுத்தி, பியூகிள் ஊத வைத்தோம். மூன்றாவது தடவை ஆர்டர் வந்தது. பக்கத்தில் இருந்தவன் துப்பாக்கி முழங்கியது. என்னுடையதில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நமுத்த தோட்டா. வெளியே யாருக்கும் தெரியவில்லை. பேப்பரில் '21 குண்டுகள் முழங்க' என்றே போட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும், இறந்த என் ஸ்குவாடுக்காரனுக்கு நான் போட்டது இரண்டுதான்.

(21 என்றதும் பீரங்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. ஏழு பேர் மூன்று தடவை என்றால் 21. எட்டுப் பேர் நின்றால் 24, பத்துப் பேர் நின்றால் 30.)

கோரிமேடு பேரன்:
உங்களுக்காவது குண்டு போட்டார்கள். எங்கள் தாத்தா புதுச்சேரி போலீஸ். ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷம் கழித்துப் போனார். ஸ்டேஷனிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் எதிர்வீட்டு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) தாத்தா இறந்திருந்தார். அவர் பெட்டி மேல் நீலம், வெள்ளை, சிவப்பு பிரெஞ்சுக் கொடி. எங்கள் ஆயா அதைப் பார்த்திருந்தார். 'அவருக்குக் கொடி வந்துதே, உங்க தாத்தாவுக்கு எங்கடா?' என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஓடிப் போய்ப் பரணிலிருந்து அவருடைய சிவப்புக் கெப்பித் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, நெஞ்சு மேல் வைத்தேன். கருவடிக்குப்பம் வரை அது விழாமல் பிடித்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் வெட்டியான்தான் எடுத்து என் கையில் கொடுத்தார்.

குறிஞ்சிப்பாடி மச்சான்:
கொடி என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் அக்கா வீட்டுக்காரர் டிராஃபிக்கில் இருந்தார், லாரி அடித்துப் போனார். துப்பாக்கி வந்தது, பெரிய அதிகாரி வந்தார், தேசியக் கொடி மட்டும் வரவில்லை. நாங்களே கடையில் வாங்கிப் போர்த்தினோம். கொள்ளி வைக்கப் போகும் நேரத்தில் ஒரு எஸ்.ஐ. ஓடிவந்து உருவினார். எங்கள் பசங்க அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். செத்தவன் மேல் இருந்ததை உருவுவதா? இதற்குப் பெயர் மரியாதையா?

தட்டாஞ்சாவடி:
மச்சான், அந்த எஸ்.ஐ. செய்ததுதான் சரி. 2002 கொடி விதித்தொகுப்பில் தெளிவாக இருக்கிறது. அரசு மரியாதை, ராணுவம், மத்திய துணை ராணுவப் படை, இந்த இறுதிச் சடங்குகளில்தான் போர்த்துவது. காவி தலைப்பக்கம் வர வேண்டும். குழியில் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. அவர் உருவாமல் விட்டிருந்தால் கொடியை எரித்த கேஸ் உங்கள் வீட்டார் மேலேயே வந்திருக்கலாம்.

குறிஞ்சிப்பாடி மச்சான்:
சட்டம் எல்லாம் சரி. அதை முன்னாடியே பக்கத்தில் வந்து காதில் சொல்லியிருக்கலாம் இல்லையா? கொள்ளிச்சட்டியோடு ஒன்பது வயதுப் பையன் நிற்கும்போதா?

தட்டாஞ்சாவடி:
அது நியாயம்.

அனுபவஸ்தன் கடலூர்:
எல்லாரும் உணர்ச்சியில் பேசுகிறீர்கள், ஆக வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை. என் தம்பி விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து நிதானமான ஒருவரை நியமித்து, ஸ்டேஷன் ரைட்டரிடம் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) அவர் மட்டும் பேசட்டும். பத்துப் பேர் போன் போட்டால் பத்து நேரம் சொல்வார்கள். குண்டு வீட்டு வாசலிலா, சுடுகாட்டிலா என்று முதலிலேயே கேளுங்கள். பெண்கள் பார்க்க வேண்டும் என்றால் வாசலில் வைக்க முடியுமா என்று கேட்டுவிடலாம், வேனில் ஏறிச் சண்டை போடத் தேவையில்லை. மேளக்காரர், வெடி போடுபவர் இருவருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தை, நெஞ்சு வலிக்காரர்களைப் பின்னால் நிறுத்துங்கள். அப்புறம் காகிதம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம். கருணை வேலைக்குத் தமிழ்நாட்டில் மூன்று வருஷத்துக்குள் மனு போட வேண்டும், பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் போச்சு. குடும்பப் பாதுகாப்பு நிதி, ஈட்டிய விடுப்புப் பணம், கிராஜுவிட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைல். எல்லாவற்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுங்கள். பேட்ச் பசங்க (கூட வேலைக்குச் சேர்ந்த போலீஸ்காரர்கள்) வசூல் செய்து கொடுப்பதை மனைவி பெயரில் வங்கியில் போடுங்கள், அண்ணன் தம்பி கையில் வேண்டாம். (தம்பிக்கு நடந்தது என்ன என்று கேட்பீர்கள். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.)

கெடிலக்கரை:
அம்மா யாரோடும் சண்டை போடவில்லை, அண்ணா. வேனில் ஏறினாள், அவ்வளவுதான்.

கோரிமேடு பேரன்:
அக்கா, அக்டோபர் 21 அன்று பணியில் இறந்த போலீஸ்காரர்கள் பெயர் வாசிப்பார்களே, 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸில் பத்துப் போலீஸ்காரர்கள் செத்த நாள். அதில் அப்பா பெயர் வந்ததா?

கெடிலக்கரை:
இல்லை. மாரடைப்பு என்பதால் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள். நாங்களும் மேலே கேட்கவில்லை.

பழைய ஏ.ஆர்.:
ஏட்டு பெயரை இங்கே போடாதீர்கள். எந்த வருஷம், எந்த மாதம் என்று மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். கூட இருந்த பசங்க இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன். அந்தக் காலி இப்போது எங்கே?

கெடிலக்கரை:
அனுப்பிவிட்டேன், ஐயா. அது சாமி மாடத்தில், விபூதி டப்பாவுக்குள் இருக்கிறது. ஏட்டையாவைத் தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நேற்றும் கேட்டேன். 'அவரு வந்து கேக்கட்டும், குடுக்கறேன்' என்கிறாள் அம்மா.