ஹார்டு டிஸ்க் போனது, லைசென்ஸ் போகவில்லை

சத்துவாச்சாரியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மார்கழிக் கடைசி எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். தை முகூர்த்தத்துக்கான கல்யாணப் பத்திரிகை வேலை மொத்தமும் அப்போதுதான் வந்து குவியும். அந்த நேரம் பார்த்து லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் போனது. இரண்டு நாளாகவே உள்ளே டிக், டிக் என்று சத்தம். மூன்றாம் நாள் காலையில் கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது.

2019இல் வாங்கியது. விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் அதிலேயே போட்டு வந்தது, பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது. ரிப்பேர் கடையில் பிரித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க்கோட ஓஎஸ்ஸும் போயிடுச்சுண்ணா. எஸ்எஸ்டி போட்டுத் தரேன், ஆனா லைசென்ஸ் புதுசா வாங்கணும்" என்றார். எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க். லைசென்ஸ் என்பது விண்டோஸைப் பயன்படுத்தும் உரிமை. வேலை அவசரம். எஸ்எஸ்டியைப் போடுங்கள், லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் லேப்டாப் கைக்கு வந்தது. பழைய டிஸ்க்கில் டீ குடித்துவிட்டு வரும்வரை திறந்துகொண்டிருந்த மெஷின், இப்போது உட்கார்வதற்குள் தயாராகிவிட்டது. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் வெளிறிய எழுத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று நின்றது, அதாவது லைசென்ஸ் இன்னும் உறுதியாகவில்லை. மறுநாள் பத்திரிகை புரூஃப் பார்க்க வந்த பெண்ணின் அப்பா, பொண்ணு மாப்பிள்ளை பெயரைச் சரிபார்த்துவிட்டு அந்த மூலையில் விரலை வைத்து, "இது பத்திரிகையிலயும் வருமா தம்பி?" என்று கேட்டார். வராது, திரையில் மட்டும்தான் என்று பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தார்.

சரி, காசு போனால் போகிறது, லைசென்ஸை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் காட்பாடியில் இருக்கும் அக்கா பையனுக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, மதர்போர்டை மாத்தினாங்களா?"

"இல்லப்பா, டிஸ்க் மட்டும்தான்."

"அப்போ ஒரு பைசா கொடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வரேன்."

வந்ததும் லேப்டாப்பைக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் லைசென்ஸுக்கான 25 எழுத்து கீ எதுவும் இல்லை. விண்டோஸ் 7 காலத்தில் அதை ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டினார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, கம்பெனி லேப்டாப்களில் அந்தக் கீயைத் தொழிற்சாலையிலேயே மதர்போர்டின் ஃபர்ம்வேரில், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளில், எழுதிவிடுகிறார்கள். அதுபோக, ஒருமுறை ஆக்டிவேட் ஆன மெஷினின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் டிஜிட்டல் லைசென்ஸாக வைத்திருக்கிறது. அந்த அடையாளத்தில் மதர்போர்டுதான் முக்கியம். டிஸ்க்கைக் கழற்றிப் போட்டாலும் இரண்டுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

பிறகு ஏன் எனக்கு ஆக்டிவேட் ஆகவில்லை? செட்டிங்ஸைத் திறந்து எடிஷன், அதாவது விண்டோஸின் எந்த வகை, என்று பார்த்தான். ப்ரோ. "போர்டுல இருக்கிறது சிங்கிள் லாங்குவேஜ் சாவி, இவங்க போட்டது ப்ரோ பூட்டு. எப்படி மாமா திறக்கும்?" என்றான். கடையில் வைத்திருந்த பென் டிரைவ் எல்லா மெஷினிலும் ப்ரோவே ஏறும்படி அமைத்தது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்கவும் வழி கிடையாது, அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கினான். 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது, என் பிராசஸர் எட்டாம் தலைமுறை என்பதால் நேராக 11 போட்டான். 10க்கு வந்த அதே லைசென்ஸ் 11க்கும் செல்லும். கீ கேட்கவில்லை, எந்த எடிஷன் என்றும் கேட்கவில்லை, போர்டிலிருந்து அதுவே படித்துக்கொண்டது. வைஃபை கொடுத்து முடித்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ஆக்டிவ்' என்று பச்சை டிக். லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆஃபிஸ் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பதிந்திருந்ததால் லாகின் செய்ததும் அதுவும் வந்துவிட்டது.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏமாற்ற நினைத்ததாக நான் நம்பவில்லை, அவருக்கே தெரியாது. ஆனால் பிள்ளையின் காலேஜுக்காகச் சீட்டுப் பணத்தில் பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் என் கடைக்குத் தினமும் வருகிறார்கள். அவர்களிடமும் இப்படியே சொல்லிப் பணம் வாங்குவார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டிஸ்க் மட்டும் மாற்றினால் புது லைசென்ஸ் வேண்டாம். உங்கள் லேப்டாப் எந்த எடிஷனோடு வந்தது என்பதை மட்டும் கடையில் சொல்லி, அதையே போடச் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்:
என்னுடையது டெஸ்க்டாப். விண்டோஸ் 7 ப்ரோவோடு வந்தது, 2016இல் இலவசமாக 10க்கு மாறினேன். பிறகு டிஸ்க் மாற்றியபோது 'என்னிடம் புராடக்ட் கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே ப்ரோவைப் போட்டேன். நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. ஆனால் போன ஐப்பசி இடியில் மதர்போர்டு எரிந்து, வேறு மாடல் போர்டு போட்டேன், அப்போது வரவில்லை. மெஷினோடு கம்பெனியே போட்டுத் தரும் லைசென்ஸ் (ஓஇஎம்) அந்தப் போர்டோடு முடிந்தது. இந்த முறை தனியாக விற்கும் ரீடெயில் லைசென்ஸாக வாங்கினேன், அதை அடுத்த மெஷினுக்கும் கொண்டுபோகலாம். வாங்கிய கையோடு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலும் இணைத்துவிட்டேன். முன்கூட்டியே இணைத்திருந்தால்தான், 'சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்று டிரபிள்ஷூட்டரில் சொல்லி மீட்க முடியும்.

வாலாஜாவிலிருந்து இன்னொரு வாசகர்:
நான் ஆசிரியை. டிஸ்க் கெட்டுப்போகாமல், வேகத்துக்காக மாற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பழைய டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டு யுஎஸ்பியில் சொருகினேன். மூன்று வருட வினாத்தாள்கள் அதில்தான். திறக்கவில்லை, 48 இலக்க ரிகவரி கீ கேட்டது. புது லேப்டாப்களில் டிஸ்க்கில் இருப்பதை என்கிரிப்ஷன் செய்து பூட்டும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி நமக்குத் தெரியாமலே போட்டிருக்கும். நல்லவேளை, கீ என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பதிவாகியிருந்தது. டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே அந்தக் கீயை எடுத்து வையுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து மறுபடியும்:
டீச்சர் சொன்னதைப் பார்த்துவிட்டு இன்று காலை கடை திறந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். என் லேப்டாப்பிலும் என்கிரிப்ஷன் ஆனில்தான் இருக்கிறது. ரிகவரி கீ ஆறு ஆறாக எட்டு வரிசை எண்கள். பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.