ஷிஃப்ட் போடும்போது ஃபில்டர் வைத்தால் சில ஷிஃப்டுகள் கண்ணில் படுவதில்லை, எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம். 60 பேருக்கு வாராவாரம் மென்பொருளில் ஷிஃப்ட் போடும் வேலை போன மாதம்தான் என் கைக்கு வந்தது. மூன்று கிளைகள் என்பதால் எல்லோரையும் ஒரே திரையில் வைத்துப் பார்க்க முடியவில்லை, கிளை, பிரிவு, பெயர் என்று ஃபில்டர் போட்டுத்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒருவருக்கு இரண்டு கிளையிலும் சேர்த்து 56 மணி நேரம் விழுந்துவிட்டது, ஆனால் திரையில் 40 என்றுதான் இருந்தது. அப்புறம் ஆள் போடாமல் விட்டிருந்த ஒரு நைட் ஷிஃப்ட் கண்ணிலேயே படவில்லை. அன்று இரவு ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைப் பார்த்தார். அது இன்னும் மனதை உறுத்துகிறது. இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில் 1:
இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், ஃபில்டர். கிளை ஃபில்டர் போட்டால் பல மென்பொருள்களில் மொத்த மணி நேரமும் அந்தக் கிளைக்கு மட்டும்தான் கூட்டப்படும், மற்ற கிளையில் இருக்கும் 16 மணி கணக்கில் வராது. அதனால் ஓவர்டைம் பார்க்கும்போது கிளை ஃபில்டரை எடுத்துவிட்டு ஆள்வாரியாகப் பாருங்கள். ஆள் போடாத ஷிஃப்டுக்குப் பெயரே கிடையாது, பெயரை வைத்துத் தேடினால் அது எப்படி வரும்? 'ஆள் இல்லாத ஷிஃப்ட்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, வேறு எந்த ஃபில்டரும் இல்லாமல், வாரம் முழுவதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. இன்னொரு இடத்தில் நான் நிறைய முறை மாட்டியிருக்கிறேன். பொறுப்பு (என்ன வேலை) ஃபில்டர் ஆளுடைய பொறுப்பைப் பார்க்கிறதா, ஷிஃப்டுடைய பொறுப்பைப் பார்க்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காசாளராகப் பதிவாகியிருப்பவரை ஒரு நாள் கிடங்கில் போட்டிருப்பீர்கள், கிடங்கு என்று ஃபில்டர் போட்டால் ஒரு மென்பொருளில் வருவார், இன்னொன்றில் வரமாட்டார். ஒரு சோதனை ஷிஃப்ட் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே பெட்டியில் இரண்டு பிரிவைத் தேர்ந்தால் இரண்டில் எது இருந்தாலும் காட்டும், வேறு வேறு பெட்டியில் தேர்ந்தால் எல்லாமே பொருந்தினால்தான் காட்டும். பாதிப் பேர் காணாமல் போவது இதனால்தான்.

பதில் 3:
பப்ளிஷ் கொடுப்பதற்கு முன்னால், அதாவது ஷிஃப்ட் பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன்னால், திரையின் மேலே எந்த ஃபில்டர் இருக்கிறது என்று பாருங்கள். சில மென்பொருளில் திரையில் தெரிவது மட்டும்தான் போகும், சிலவற்றில் மறைந்திருப்பதும் சேர்ந்து போய்விடும். போன வாரத்தை காப்பி பண்ணும்போதும் இதே கதைதான். நேற்று வைத்த ஃபில்டர் இன்று திறக்கும்போதும் அப்படியே இருக்கலாம், நினைவிருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஃபில்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இப்போதுதான் பார்த்தேன், அடுத்த வாரத்திலும் ஆள் இல்லாமல் இரண்டு நைட் ஷிஃப்ட் இருக்கிறது. பப்ளிஷ் பண்ணவில்லை, முதலில் அதற்கு ஆள் போடுகிறேன்.