உளக்காயமா, உளவூறா? குழந்தை மருத்துவக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கூடவே பெற்றோர் நிரப்பும் படிவமும். ‘சைல்ட்ஹுட் ட்ராமா’வுக்குக் ‘குழந்தைப் பருவ அதிர்ச்சி’, ‘டாக்ஸிக் ஸ்ட்ரெஸ்’ஸுக்கு ‘நச்சு அழுத்தம்’ என்று போட்டிருக்கிறேன். இரண்டுமே உறுத்துகின்றன.

குழந்தை மருத்துவர்:
‘அதிர்ச்சி’யை எடுத்துவிடுங்கள். அவசரப் பிரிவில் அது இரத்த ஓட்டம் குன்றிய நிலை. அதோடு, அதிர்ச்சி என்றாலே ஒருநாள் நடந்த ஒன்று. அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினரின் 1998 ஆய்விலிருந்து வளர்ந்த, சிறுவயதுத் துன்பங்களின் 10 வகைப் பட்டியலைப் பாருங்கள். அடி, வசவு, பாலியல் கொடுமையோடு நிற்கவில்லை. உடலையோ மனத்தையோ கவனியாமல் விடுவது, வீட்டில் போதை, மனநோய், சிறை, பெற்றோர் பிரிவு, தாய்மீது வன்முறை எல்லாம் உண்டு. கவனிப்பாரற்றுக் கிடக்கும் பிள்ளைக்கு ‘அதிர்ச்சி’ எந்தத் தேதியில் நேர்ந்தது?

தமிழாசிரியர்:
உளம் + ஊறு = உளவூறு. மகரம் கெட்டு வகர உடம்படுமெய். ஊறு என்றால் தீங்கு. ஐம்புலன் வரிசையில் தொடுஉணர்வும் அதுவே. உள்ளத்தைத் தொட்ட தீங்கு! இடையூறு புரிகிறவர்களுக்கு இது புரியாதா?

செவிலியர்:
ஐயா, தாளில் முதலில் கண்ணில் படுவது ‘உளவு’. வீட்டு விவகாரம் கேட்கும் படிவத்தில் அந்த மூன்றெழுத்து போதும், எழுந்து போய்விடுவார்கள். பேசாமல் ‘ட்ராமா’ என்றே விடலாமே?

குழந்தை மருத்துவர்:
வயிற்றுவலி என்று வந்த பிள்ளைக்கு ‘ட்ராமா’ என்று சொல்லிப் பாருங்கள். “நானும் அதைத்தான் சொன்னேன், எல்லாம் நடிப்பு” என்பார் அப்பா.

தமிழாசிரியர்:
அப்படியானால் ‘மனவடு’. சுட்ட புண் உள்ளே ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்று குறளே பிரித்துக் காட்டியிருக்கிறது.

குழந்தை மருத்துவர்:
அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஆறாது என்று பெற்றோரிடம் சொல்வது மருத்துவப்படி தவறு. நம்பத்தக்க ஒரு பெரியவர் நிலையாக அருகில் இருந்தால் மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் தணிகிறது, உறக்கம் திரும்புகிறது. ‘உளக்காயம்’ போதும். காயம் ஆறும்.

தமிழாசிரியர்:
சித்தர்களுக்குக் காயம் என்றால் உடம்பு. வடசொல் வேறு. உங்கள் சொல்லுக்கு ‘மன உடம்பு’ என்றல்லவா பொருள் வரும்?

குழந்தை மருத்துவர்:
வரட்டுமே. தலைவலி, படுக்கையில் சிறுநீர், அடிக்கடி கிளம்பும் ஆஸ்துமா என்று உடம்பில்தானே முதலில் தெரிகிறது! சதா உஷாராக இருக்கும் பிள்ளையைக் கவனக்குறைவு நோய் என்று எழுதி மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:
‘நச்சு அழுத்தம்’? சரிபார்த்தவர் குழந்தை எதையோ குடித்துவிட்டது என்றே நினைத்தாராம்.

தமிழாசிரியர்:
‘தணியா அழுத்தம்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

குழந்தை மருத்துவர்:
அருமை! தேர்வு பயமும் அழுத்தம்தான், ஆனால் தணிந்துவிடும். தணிக்க ஆளில்லாமல் நீள்வதுதான் கேடு. ‘மன’ என்று முன்னால் சேருங்கள், இல்லாவிட்டால் பிபி என்று படிப்பார்கள்.

செவிலியர்:
பெற்றோர் படிவத்தில் எந்தச் சொல்லுமே வேண்டாம். தலைப்பு ‘குழந்தையின் வளர்சூழல்’. ஒவ்வொரு கேள்விக்கும் குறியிடச் சொல்லாமல், பொருந்துபவற்றின் மொத்த எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள், மறைக்காமல் எழுதுவார்கள். எது நடந்தது என்பது தெரியாமல் போகும், அதைப் பிறகு பேசித்தான் அறிய வேண்டும். குழந்தை எதிரிலோ துணைவர் எதிரிலோ தாளை நீட்டக் கூடாது; அடிப்பவரே பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். உதவிக்கு யாரிடம் அனுப்புவது என்று முடிவாகாத இடத்தில் கேட்கவே வேண்டாம்.

குழந்தை மருத்துவர்:
இன்னொன்று. எண்ணிக்கை 4 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி அடிமை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆபத்து 4 முதல் 12 மடங்கு என்று அந்த 1998 ஆய்வு சொன்னது, எதுவுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டு, ஒரு கூட்டத்துக்கான கணக்காக. இந்தப் பிள்ளை இப்படி ஆவான் என்று ஒற்றை எண்ணை வைத்துச் சொல்லக் கூடாது; 2020இல் ஆண்டாவே எச்சரித்தார். கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். பிள்ளைக்கு இப்போதே ஆபத்து என்றால் எண்ணிக்கைக்கே வேலையில்லை, பாதுகாப்புதான் முதலில்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, கையேட்டில் ‘உளக்காயம்’, ‘தணியா மன அழுத்தம்’. படிவத்தில் இரண்டும் இல்லை. நேரமில்லை, மன்னிக்கவும்.

தமிழாசிரியர்:
அச்சுக்கு விடுங்கள். சொல்லடைவில் என் மறுப்பு பதியட்டும். வளர்ந்தவர்களுக்கான பகுதி வரும்போது ‘வடு’வோடு திரும்பி வருவேன், நாற்பது வயதில் நிற்பதைக் காயம் என்று எப்படிச் சொல்வீர்கள்?