அம்மா விழுந்த அன்று அலெர்ட்டை அணைத்து வைத்திருந்தேன்

எங்கள் வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம். நான் குவைத்தில், அம்மா ஊரில் தனியாக. போன லீவில் முன்வாசலுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று என்று இரண்டு வைஃபை கேமரா மாட்டிவிட்டு வந்தேன்.

ஆனி பிறந்ததும் தொல்லை தொடங்கியது. கணவாய்க் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றில் கிணற்றடி வாழை சும்மா நிற்குமா? இலை ஆடும்போதெல்லாம் ‘அசைவு’ என்று கேமரா அலெர்ட் அனுப்பி போன் அடிக்கும். ராத்திரி இன்னும் மோசம். ஊரில் 2 மணி என்றால் இங்கே 11.30, கண் அயரும் நேரம். திறந்தால் திரை முழுக்க வெள்ளையாக ஏதோ துடிக்கும். நெஞ்சு பதறிப் போய் உற்றுப் பார்த்தால் லென்சுக்கு முன்னால் ஒரு சிலந்தி நூல், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கொசு.

தாங்க முடியாமல் அலெர்ட்டையே அணைத்துவிட்டேன். எட்டாம் நாள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். பால்காரர் வந்து தூக்கும்வரை 20 நிமிஷம் அங்கேயே கிடந்திருக்கிறாள். எல்லாம் பதிவாகியிருந்தது. முழுவதையும் பார்த்தேன். எலும்பு முறியவில்லை. “ஒண்ணும் இல்ல மக்கா, நீ வெப்ராளப்படாத” என்றாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். எங்கள் கேமரா ஒரு படத்தை அடுத்ததோடு ஒப்பிட்டு, புள்ளிகள் மாறியிருந்தால் அசைவு என்கிறது. அதற்கு வாழையும் ஆளும் ஒன்றுதான். இருட்டில் அதன் அகச்சிவப்பு ஒளி பக்கத்து நூலில் பட்டு நேரே லென்சுக்குத் திரும்புவதால், மெல்லிய இழை கயிறு போலத் தெரிகிறது.

செட்டிங்கில் வாழையை விட்டுவிட்டு, கிணற்றடித் தளத்தில் மட்டும் அசைவைக் கவனிக்கும்படி கட்டம் போட்டேன். அகச்சிவப்பு விளக்கை அணைத்து, நாலடி தள்ளி ஒரு எல்இடி பல்பு போடச் சொன்னேன். பூச்சி இப்போது அங்கே போகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி அவ்வப்போது சிலந்தி வலையைத் துடைத்துவிடுகிறான். முன்வாசலுக்கு ‘மனிதர் மட்டும்’ வைத்தேன். கொடியில் காய்ந்த சேலையைக்கூட ஆள் என்றது, கொடியை இடம் மாற்றினோம். கிணற்றடிக்கு அதை வைக்கவில்லை. கீழே விழுந்து கிடப்பவரை அது ஆளாகக் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

குளச்சலிலிருந்து:
அண்ணே, அம்மாவுக்கு ஒன்றும் ஆகாததே பெரிசு. எங்களுக்குக் கடற்காற்றுதான் வினை. லென்சில் உப்புப் படிந்து, தெருவில் பைக் வெளிச்சம் பட்டாலே படம் முழுக்க வெளுத்துப்போய் அலெர்ட் வந்துவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் வாரம் ஒருமுறை துடைக்கிறேன். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

குலசேகரத்திலிருந்து:
இங்கே விடியுமுன் தலையில் லைட்டோடு ரப்பர் வெட்ட வருவார்கள். ஆள்தான், ஆனால் நம் ஆள். தோட்டத்துப் பக்கம் பார்த்த கேமராவை வீட்டுப் படியைப் பார்த்துத் திருப்பி, கொஞ்சம் கீழே சாய்த்தேன். அவர்களையும் நாள் முழுக்கப் படம் பிடிக்க வேண்டாமே.

ஆரல்வாய்மொழி:
சரியாகச் சொன்னீர்கள். நேற்று கிணற்றடியிலிருந்து நாலு அலெர்ட் வந்தது. நாலிலும் அம்மாதான்.