தமிழ்நாட்டிலேயே இருந்து இணையப் பாதுகாப்புத் துறையை நம்பலாமா?

கேள்வி:
கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். குடும்பச் சூழலால் சென்னை, கோவையைத் தாண்டிச் செல்ல இயலாது. பெங்களூருக்குப் போனால்தான் இத்துறையில் வேலை என்று சொல்கிறார்களே, உண்மையா?

மறுமொழி 1:
சென்னையில் தாராளமாக நம்பலாம். இணையத் தாக்குதல்களைக் கையாளும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்கவும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமளிக்கிறது. இரவுபகலாகக் கண்காணிக்க ஆளில்லாமல் இவற்றை எந்த வங்கியும் மென்பொருள் நிறுவனமும் நிறைவேற்ற முடியாது.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆனால், தொடக்கநிலை வேலை பெரும்பாலும் ஷிப்ட் முறையில்தான் அமையும். நள்ளிரவில் ஒரே கணக்கில் பலமுறை தவறான கடவுச்சொல் பதிவாகி, பிறகு திடீரென உள்நுழைவு வெற்றி பெற்றிருந்தால், அது ஊழியரின் மறதியா, ஊடுருவலா என்று சில நிமிடங்களில் பிரித்தறிய வேண்டும். சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் அங்கே திணறிவிடுவார். நெட்வொர்க்கிங், லினக்ஸ் இயங்குதளம் இரண்டையும் முதலில் ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களைத் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

மறுமொழி 3:
கோவையில் நேரடி வாய்ப்புகள் குறைவு. அங்கேயே இருக்க வேண்டுமென்றால், நெட்வொர்க் நிர்வாகியாகச் சேர்ந்து, அந்த அனுபவத்தோடு பாதுகாப்புப் பிரிவுக்கு மாறுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி.