புதுப்பிப்பு: இரணைமடு வான்கதவு மாதிரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை (குளம் நிரம்பினால் மேலதிக நீரைத் திறந்துவிடும் கதவுகள்) சிறிய மாதிரியாகச் செய்கிறேன், தண்ணீரை எப்படிக் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். எப்பொக்சி றெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) ஊற்றச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

அடித்தளத்துக்கு நீலம் பூசவே இல்லை. மாரியில் கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீர் மண்ணிறம்தானே! நடுவில் கடும் பழுப்பு, கரையோரம் வெளிர் மஞ்சள். ஆழம் அதிலேயே தெரிகிறது. மண்ணுக்கும் கல்லுக்கும் முதலில் வெள்ளைப் பசை பூசிக் காயவிட்டேன். இல்லாவிட்டால் உள்ளிருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பும்.

வன்னி வெயிலில் றெசின் சீக்கிரம் இறுகும். தடிப்பாக ஊற்றினால் சூடேறி வெடிப்பும் விழும். அதனால் வெயில் ஏறமுன் கலந்து, 3 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஊற்றினேன்.

வான் பாயும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. றெசின் தானாக மட்டமாகிவிடும், பாய்ச்சலைக் காட்டாது. பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைப் பிளாஸ்டிக் தாளில் கோடு கோடாக இழுத்து, காய்ந்ததும் உரித்து, கதவின் கீழே ஒட்டினேன். விழும் இடத்தில் பஞ்சை மெல்லிதாகப் பிய்த்து வைத்து, நுனியில் மட்டும் வெள்ளை தொட்டேன். நுரை அப்படியே எழும்பி நிற்கிறது.

அடுத்தது வாய்க்காலும் வயலும். நெற்பயிருக்கு என்ன பாவிக்கலாம்? செய்தவர்கள் சொல்லுங்கள்.